கடலைப் பார்த்த ஃபோகஸ் லைட், என்ன செய்யலாம்?

கடலோரவாசி:
வணக்கம். நீலாங்கரையில் கடற்கரையிலிருந்து இரண்டாவது வரிசையில் வாடகை வீடு. போன வருடம் பின்கதவை யாரோ நெம்பிப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குப் பயம். அதனால் மொட்டை மாடியில் 50 வாட்ஸ் எல்இடி ஃபோகஸ் லைட் ஒன்றைக் கடல் பக்கமாகப் பொருத்தினேன், மாலை 6 மணியிலிருந்து காலை 6 வரை எரியும். நேற்று ஆமை நடைக்கு (கடலாமைக் கூடுகளைத் தேடிப் பாதுகாக்க இரவில் கரையோரம் நடப்பது) வந்த பிள்ளைகள், வெளிச்சம் மணல் வரை அடிக்கிறது, குஞ்சு பொரிக்கிற சமயம், அணைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார்கள். உடனே அணைத்துவிட்டேன், ஆனால் அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. முழு இருட்டும் இல்லாமல், ஆமைக்கும் தொந்தரவு இல்லாமல் ஏதாவது வழி இருக்கிறதா? சுவரை வெட்டிப் புதிதாக ஒயர் இழுக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.

ஒயர்மேன்:
அண்ணா, பயம் பின்கதவில், லைட் மொட்டை மாடியில்! மேலேயிருந்து அடித்தால் சுவரை ஒட்டி நிற்கிறவன் நிழலில்தான் நிற்பான். பின்கதவுக்கு மேல் சன்ஷேடுக்கு அடியில் ஏற்கெனவே பல்பு பாயின்ட் இருக்குமே, அதில் 7 அல்லது 9 வாட்ஸ் வார்ம் ஒயிட் (மஞ்சள் கலந்த வெள்ளை) பல்பு போட்டு, வெளிச்சம் நேராகத் தரையில் மட்டும் விழுகிற மாதிரி மூடி வையுங்கள். அதோடு ஆள் அசைந்தால் மட்டும் விளக்கைப் போடுகிற ஒரு மோஷன் சென்சார். அதில் பெரும்பாலும் மூன்று திருகு இருக்கும். எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்கிற டைம் திருகை ஒரு நிமிடத்துக்குக் குறைத்து வையுங்கள், லக்ஸ் திருகை நிலாப் படம் பக்கம் திருப்புங்கள், அப்போதுதான் இருட்டிய பிறகு மட்டும் வேலை செய்யும். அசைவை எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்கிற சென்ஸ் திருகைப் பாதியில் ஆரம்பித்து, நீங்களே நடந்து பார்த்துக் கூட்டுங்கள். ஏழெட்டு அடி உயரம் போதும். ஆள் நேரே சென்சாரை நோக்கி வந்தால் தாமதமாகத்தான் பிடிக்கும், குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும், அதனால் நடைபாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஏசி அவுட்டோர் யூனிட்டின் வெப்பக் காற்று படுகிற இடம் கூடவே கூடாது, சும்மா சும்மா எரியும். ஸ்குரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், உப்புக்காற்று சாதா இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். அப்புறம் அந்த 50 வாட்ஸ் மட்டும் தினம் 0.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 36 யூனிட்.

பங்குனிஆமை:
நான் சில வருடங்களாக நடைக்குப் போகிறேன். ஒயர்மேன் அண்ணா சொன்னது அத்தனையும் சரி, ஒன்றைத் தவிர: வார்ம் ஒயிட்டிலும் நீல ஒளி கொஞ்சம் இருக்கிறது, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது போதாது. 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம், அதாவது ஆம்பர் (தேன் நிறம்) அல்லது சிவப்பு, அதுதான் ஆமையின் கண்ணை அதிகம் இழுக்காது. நடையில் எங்கள் டார்ச்சுக்கும் சிவப்புத் தாள்தான் சுற்றுவோம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு கூட்டில் சுமார் 100 முட்டை, 45 முதல் 60 நாளில் பொரிக்கும். மணல் குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் இரவில்தான் குஞ்சுகள் மேலே வரும். வந்ததும் தாழ்வாக எந்தப் பக்கம் அதிக வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். மின்விளக்கு இல்லாத கரையில் அது கடல்தான், வானத்து ஒளி தண்ணீரில் பட்டுத் தெரியும். நம் விளக்கு எரிந்தால் ரோட்டைப் பார்த்து ஓடும். விடிந்ததும் நாயும் காக்கையும் மிச்சம் வைக்காது. தெருவோரம் காய்ந்து கிடந்த குஞ்சுகளைக் கையில் எடுத்தவளாகச் சொல்கிறேன், தயவுசெய்து அந்த மாடி லைட்டைக் கழற்றிவிடுங்கள், திருப்பி மட்டும் வைத்தால் எதிர்ச்சுவரில் பட்டு மறுபடி மணலுக்கே வரும்.

இரவு 9 மணிக்கு மேல் கரையில் நின்று வீட்டைப் பாருங்கள். பல்பு கண்ணில் பட்டாலோ, உங்கள் நிழல் மணலில் விழுந்தாலோ இன்னும் வேலை பாக்கி.

கடலோரவாசி:
இரண்டு பேருக்கும் நன்றி. மாடி லைட்டைக் கழற்றியாயிற்று. பின்கதவில் சென்சாரும் ஆம்பர் பல்பும் போட்டோம், சென்ஸை முக்கால் வைத்தபோது தெருப்பூனைக்கெல்லாம் எரிந்தது, பாதிக்கும் கீழே வைத்ததும் நின்றுவிட்டது. யாராவது வந்தால் தானே எரியும் என்று அம்மாவை நாலு முறை நடக்கவைத்துக் காட்டினேன், நேற்று தூங்கினார். கரைக்குப் போய்ப் பார்த்தேன், பல்பு தெரியவில்லை, மாடி ஜன்னல் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. நாளை கெட்டித் திரை வாங்கப் போகிறேன்.

பங்குனிஆமை:
திரை வரும் வரை போர்வையைக் கட்டுங்கள். உங்கள் வீட்டுக்கு வடக்கே ஒரு கூடு இருக்கிறது.