ஈ-பாக்ஸ் ஃபேன் சுற்றவில்லை, அவசரம்

பர்கூர்_கல்: வணக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து. எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேன் போட்டால் ஃபேன் கோளாறு என்று வருகிறது. மெக்கானிக் ரேடியேட்டர் ஃபேனை மாற்றச் சொல்கிறார், அது நன்றாகத்தான் சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். என்ன செய்ய?

ஓசூர்_வயரிங்: என்ன வண்டி, என்ன வருஷம்? ஸ்கேனரில் வந்த வரியை அப்படியே போடுங்க.

மாந்தோப்பு: பேட்டரி வீக்காக இருக்கும் நண்பா. வோல்டேஜ் இறங்கினால் கண்ட எரரெல்லாம் வரும், எனக்கு ரெண்டு தடவை வந்திருக்கு.

பர்கூர்_கல்: பிஎம்டபிள்யூ 525ஐ, 2002. 'ஈ-பாக்ஸ் ஃபேன்' என்று இருந்தது.

பழைய_கை: தலைப்பில் போட்டதைக் கேள்வியில் எழுத வேண்டாமா தம்பி? ஸ்கேன் வரியைப் படிக்காமல் ஸ்பானரை எடுக்கிறவர்களால்தான் நல்ல வண்டியும் கெடுகிறது. ஈ-பாக்ஸ் என்பது எஞ்சின் கம்ப்யூட்டர் இருக்கும் பெட்டி. அதனடியில் இருக்கிற சின்ன ஃபேன், நாம் உட்காரும் கேபினிலிருந்து காற்றை இழுத்து கம்ப்யூட்டரைக் குளிர வைக்கும். ரேடியேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓசூர்_வயரிங்: சரி, திட்டாமல் சொல்லலாமே. டிக்கியில் இருக்கும் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டரை வெளியே எடுங்க, அதன் கனெக்டர் பின்களை விரலால் தொடாதீங்க. ஃபேனைத் தனியாக எடுத்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்க. சுற்றினால் ஃபியூஸ், ஒயர் பக்கம் தேடணும். சுற்றாவிட்டால் ஃபேன்தான் போச்சு.

தொப்பூர்_ரைடர்: வீட்டுல இருக்கிற பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஃபேனும் 12 வோல்ட்தானே, அதைப் போட்டால் நூறு ரூபாயில் முடிந்தது.

பழைய_கை: வண்டி ஓடும்போது 14 வோல்ட் வரும். எஞ்சின் சூட்டுக்கும் அதிர்வுக்கும் அது எத்தனை நாள் தாங்கும்?

தொப்பூர்_ரைடர்: கணவாயில் ஒரு வருஷமாக ஏறி இறங்குகிறேன், இன்னும் ஓடுதுங்க.

பழைய_கை: நின்றால் வெந்து போவது கம்ப்யூட்டர். அதன் விலை தெரியுமா?

மாந்தோப்பு: பேட்டரியைப் பார்த்தீங்களா?

பர்கூர்_கல்: ஃபேன்தான். கிரானைட் பட்டறைக்கு தினம் போகிற வண்டி, ஜன்னலைத் திறந்துதான் ஓட்டுவேன். கழற்றினால் இறக்கை முழுக்க மாவு மாதிரி வெள்ளைத் தூசி, கையால் திருப்பினால் கரகரவென்று அரைபட்டு அப்படியே நின்றது. வேறு ஃபேன் பெங்களூர் ஜேசி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைத்தது, மாட்டியாச்சு, லைட் போச்சு. ஓசூர் அண்ணனுக்கு நன்றி. அம்மாவோடு கிளம்புகிறேன்.