கையடக்க ஸ்பிரே கன்: பீரோவுக்கு எனாமல் அடித்தால் ஆரஞ்சுத் தோல் விழுகிறது, கன் துப்புகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி (மதுரை)

பழைய ஸ்டீல் பீரோ ஒன்றுக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்கிறேன். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, காய்ந்தபின் 320 வாட்டர் பேப்பரில் தேய்த்தாகிவிட்டது. மேலே சிந்தெடிக் எனாமல், பளபளப்பு வகை. கன் கம்ப்ரஸர் இல்லாதது. நேரே பிளக்கில் போடுவது, 450 வாட், 1.8 மி.மீ. நாசில்.

முதலில் கதவின் உள்பக்கம் அடித்துப் பார்த்தேன். பரப்பு முழுக்க ஆரஞ்சுத் தோல், அதாவது ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி மேடும் பள்ளமும். நடுநடுவே கன் துப்பி, மிளகு அளவுக்குத் துளிகள் விழுகின்றன. ஓரங்களைத் தடவினால் சொரசொரப்பு. கடைக்காரர் சொன்னபடி பத்துக்கு ஒரு பங்கு தின்னர் கலந்தேன். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில், மதியம் அடித்தது. வெளிப்பக்கம் தொடுவதற்கு முன் இதைச் சரி செய்யணும். அம்மாவுக்குச் சீராக வந்த பீரோ, ஒப்பேற்ற மனசில்லை.

பதில் (கோவை, வண்டி பெயின்டர்)

தம்பி, பெயின்ட் கெட்டியா இருக்குதுங்க. முதல் காரணம் அதுதான். நாங்க கம்ப்ரஸர்ல அடிக்கிறப்ப காத்து அழுத்தமே பெயின்ட்டை உடைச்சுப் பொடியாக்கிரும். உங்க கன்னுல இருக்கறது ஒரு சின்ன ஃபேன் மோட்டார். காத்து நெறைய வரும், அழுத்தம் ரொம்பக் கம்மி, ரெண்டு மூணு பிஎஸ்ஐ இருந்தா பெருசு. கெட்டிப் பெயின்ட்டை அதால உடைக்க முடியாது. பெரிய துளியாவே போய் உக்காரும், பரவறதுக்குள்ள இறுகிரும். நீங்க சொல்ற ஆரஞ்சுத் தோல் அதுதான்.

பத்துக்கு ஒண்ணுங்கறது பிரஷ்ஷுக்கான கணக்குங்க. கன்னோட ஒரு பிளாஸ்டிக் கப்பு, அடியில ஓட்டையோட வந்திருக்குமே? அதை முழுக்க முக்கி மேல தூக்குங்க. தூக்குன நிமிஷத்துல இருந்து, ஒழுகற கம்பி அறுந்து சொட்டுச் சொட்டா மாற வரைக்கும் எத்தனை விநாடின்னு எண்ணுங்க. கன் புத்தகத்துல எனாமலுக்கு எவ்வளவுன்னு போட்டிருந்தா அதுக்குக் கொண்டு வாங்க. இல்லைன்னா 25 விநாடி பக்கத்துல ஆரம்பிச்சு அட்டையில அடிச்சுப் பாருங்க. பெயின்ட் கெட்டியை அளக்கறதுக்குன்னு கடையில விக்கற பி4 ஃபோர்டு கப்பு வேற, இது வேற. அந்தக் கணக்கை இதுக்குப் போடாதீங்க.

பதில் (சென்னை)

என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு ஊத்துறது) போட்டுப் பாருங்க. சீக்கிரம் காயும், தூசி ஒட்டாது. கிரில் பட்டறையில அதைத்தான் ஊத்துறாங்க.

பதில் (கோவை, வண்டி பெயின்டர்)

அதை மட்டும் செய்யாதீங்க. பட்டறையில கம்ப்ரஸர் இருக்குது, அவங்களுக்கு வேலை சட்டுனு முடியணும். இந்த கன்னுல வர்ற காத்தே மோட்டார் சூட்டுல வெதுவெதுன்னு இருக்கும். என்சி தின்னர் துளி போற வழியிலேயே ஆவியாகி, தோல் இன்னும் மோசமாகும். உள்பக்கம் அடிச்ச கோட்டு இன்னும் இறுகலை. அது மேல இந்தத் தின்னர் பட்டா சுருங்கித் தூக்கிரும். சிந்தெடிக் எனாமலுக்கு மினரல் டர்பன்டைன்தாங்க. மெதுவா ஆவியாகறதுதான் இங்க நமக்கு வேணும். அப்பத்தான் துளிங்க ஒண்ணோட ஒண்ணு கலந்து சமமாகும்.

பதில் (நாகர்கோவில், மரவேலை)

துப்புவதற்குக் காரணம் வேறு. பெயின்ட் டப்பாவின் மூடிப் பக்கத்திலிருந்து கன்னுக்கு ஒரு சின்னக் குழாய் போகும். டப்பாவுக்குள் காற்றை அனுப்பி, பெயின்ட்டை மேலே தள்ளுவது அதுதான். கன்னை அதிகமாகச் சாய்த்தால் அதற்குள் பெயின்ட் ஏறி, உள்ளே இருக்கிற மெல்லிய வால்வுத் தகடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓட்டம் விட்டுவிட்டுத்தான் வரும். கழற்றி டர்பன்டைனில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். டப்பா வாயில் உள்ள ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நாசிலின் முன் நட்டு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று கசிந்தாலும் இதே தொல்லை வரும்.

பெயின்ட்டைப் பழைய நைலான் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். திறந்து வைத்த டின்னில் மேலே ஆடை கட்டியிருந்தால் அதைக் கலக்கிவிடாமல் வெட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். அடிக்கும்போது நாசில் முனையில் பெயின்ட் திரண்டு காயும். அதுவும் துளியாகத் தெறிக்கும். அவ்வப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள். ஓட்டைக்குள் கம்பி விடக் கூடாது. கீறினால் அந்த நாசில் அவ்வளவுதான்.

இன்னொன்று. டப்பாவுக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாய் திரும்பும். கதவைப் படுக்கப் போட்டுக் கீழ்நோக்கி அடித்தால் அதன் முனை முன்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் பெயின்ட் பாதி இருக்கும்போதே காற்றை இழுத்துத் துப்பும்.

கேட்டவர் (மதுரை)

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். கப்பில் அளந்தால் ஒரு நிமிஷத்துக்கு மேலே போனது. டர்பன்டைன் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 25-க்குக் கொண்டு வந்தேன். சின்னக் குழாயில் பெயின்ட் இருந்தது உண்மை. அலசிய பிறகு துப்புவது நின்றுவிட்டது. அட்டையிலும் பழைய தகரத்திலும் நன்றாகப் பரவுகிறது. ஓரச் சொரசொரப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. தகரத்தை நிமிர்த்தி வைத்து அடித்தால் இரண்டு இடத்தில் வழிந்தும் விட்டது.

பதில் (கோவை, வண்டி பெயின்டர்)

வழியறதுன்னா கை நிக்குது, இல்லைன்னா ஒரே கோட்டுல மூடப் பாக்கறீங்க. பெயின்ட் அளவு திருகைக் கொஞ்சம் குறைங்க. முதல் கோட்டு அடித்தளம் லேசாத் தெரியற மாதிரி இருந்தாப் போதும். கை முதல்ல நகரணும், அப்பறம் டிரிக்கர்; ஓரத்தைத் தாண்டுன பிறகு விடணும். ஒவ்வொரு பட்டையும் முந்தின பட்டையில பாதிய மூடட்டும்.

சொரசொரப்பு, பாதி காஞ்ச துளி வந்து ஒட்டறது. தூரம் அதிகமா இருக்குது, இல்லைன்னா தகரம் சுடுது. சுமாரா எட்டு அங்குலம் வெச்சுக்கங்க. மணிக்கட்டைச் சுழட்டுனா ஓரத்துல தூரம் கூடிரும். தோளோட சேர்த்துக் கையை நேரா கொண்டு போங்க. அப்பறம் மதுரை வெயில்ல, மதியம், தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம். காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, காத்து வீசாத இடத்துல அடிங்க. தகடு தொட்டாக் குளுகுளுன்னு இருக்கணும், ஆனா பனி ஈரம் இருக்கக் கூடாது.

மாத்தறதை ஒவ்வொண்ணா மாத்துங்க. மூணையும் சேத்து மாத்துனா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

பதில் (நாகர்கோவில், மரவேலை)

மாஸ்க் பற்றி யாரும் சொல்லவில்லையே. துணி மாஸ்க் தூசிக்குத்தான். தின்னர் ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும், கன் மோட்டாரிலும் பொறி வரும். சுற்றிலும் திறந்த இடமாக இருக்கட்டும், பக்கத்தில் கேஸ் அடுப்போ பூஜை விளக்கோ எரியக் கூடாது.

கேட்டவர் (மதுரை)

வாங்கிவிடுகிறேன் சார். ஏற்கெனவே அடித்த உள்பக்கத்தை என்ன செய்வது? உடனே தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாமா?

பதில் (கோவை, வண்டி பெயின்டர்)

இப்பத் தேய்ச்சாப் பேப்பர்ல பிசுபிசுன்னு உருண்டு ஒட்டும். எனாமல் தடிப்பா விழுந்திருந்தா மேல தோல் கட்டியிருக்கும், அடியில பச்சையா இருக்கும். ஒரு வாரம் விடுங்க. நகத்தால அழுத்துனா தடம் விழாம இருந்தா, 400 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணியில தொட்டுத் தேய்ங்க. மேடு எல்லாம் போய், பளபளப்பு செத்து, ஒரே மாதிரி மங்கலா வரணும். நல்லாக் கழுவிக் காயவெச்சு, சுத்தமான துணியில துடைச்சு, ரெண்டு லேசான கோட்டு. நடுவுல ஒரு ராத்திரி காயட்டும்.

கைப்பிடி, பூட்டை எல்லாம் கழட்டிருங்க. பூட்டு ஓட்டையில பேப்பர் திணிச்சுக்கங்க. முடிஞ்ச பிறகும் சில நாளைக்குக் கதவைச் சாத்த வேண்டாம். எனாமல் எனாமலோட ஒட்டிக்கும், இழுத்தா விளிம்புல தோலோட வந்துரும். அவசரம்னா நடுவுல பாலித்தீன் தாள் வெச்சுச் சாத்துங்க, நியூஸ் பேப்பர் வெச்சா அதுல ஒட்டிக்கும்.