மறு: ‘எம்.ஓ.டி. ஹிஸ்டரி’க்குச் சொல் – ‘சோதனையேடு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டனில் வண்டிகளுக்கு வருடாவருடம் நடக்கும் தகுதிச் சோதனைதான் எம்.ஓ.டி.; அதன் பழைய முடிவுகளின் பதிவான ‘எம்.ஓ.டி. ஹிஸ்டரி’க்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். பெரும்பாலோர் ‘தகுதிச் சான்று வரலாறு’ என்பதற்கே கை தூக்கியிருக்கிறீர்கள். ஊரில் எஃப்.சி.யைத் தகுதிச் சான்று என்று சொல்லிப் பழகியதால் அது சட்டென்று வாயில் வருகிறது, புரியவும் செய்கிறது. ஆனால் பிரிட்டனில் முப்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறவரை அந்தச் சொல் தப்பான இடத்தைப் பார்க்க வைக்கும் என்பது என் கட்சி. சான்று என்றால் தேறியதற்குக் கொடுப்பது. அவர் பார்க்க வேண்டியதோ தேறாத நாட்களையும், தேறிய நாளிலும் சோதித்தவர் கூடவே எழுதிவைத்த வரிகளையும்.

இதை நான் கற்றுக்கொண்டது 1993 மாடல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றைப் பார்க்கப் போனபோது (முன் விளக்குகள் மேலே எழும்பி வருமே, அந்த முதல் தலைமுறை வண்டி). விற்பவர் போனில், “போன மாசம்தான் எம்.ஓ.டி. முடிச்சேன், ஒரு குறையும் எழுதலை” என்றார். பொய்யில்லை. கிளம்புவதற்கு முன் அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கட்டணம் கிடையாது, யாரையும் கேட்க வேண்டியதில்லை, 2005லிருந்து நடந்த சோதனைகள் அன்றன்றைக்கு ஓடியிருந்த மைல் கணக்கோடு வரிசையாக வந்து நிற்கும். 2020இல் இடப்பக்கப் பின் சில்லில் (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டுப் பகுதி) துரு என்று ஒரு வரி. 2021இல் அதே இடம், அதே வரி. அடுத்த சோதனையில் அந்த வரியைக் காணோம்.

துரு தானாக ஆறாது. வெல்டிங் செய்திருந்தால் ரசீது இருக்குமே என்று கேட்டேன், இல்லை என்றார். நேரில் போய், பெயிண்டில் கீறல் விழாமலிருக்கத் துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை சில்லின் மேல் முன்னாலிருந்து பின்னால் நகர்த்திக்கொண்டே வந்தேன். கதவுக்குக் கீழே முழுக்கப் பிடித்து இழுத்தது. பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் பிடி விட்டுவிட்டது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இந்த வண்டிகளில் துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் உள்ள குழாய் வழியாக இறங்கி அந்தச் சில் பக்கம்தான் வெளியேறும், இலைதழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். சோதித்தவரையும் குறை சொல்ல முடியாது, எதையும் கழற்றிப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. ஆக அந்த வண்டியைப் பற்றிய உண்மையைச் சொன்னது கடைசிச் சான்று அல்ல, பழைய இரண்டு பக்கமும் இப்போதைய பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததுதான்.

அதனால்தான் ‘சோதனையேடு’ என்கிறேன். ஏடு என்றால் நல்லதும் கெட்டதும் தேதி வாரியாக ஏறிக்கொண்டே போவது. புரட்டலாம், இரண்டு பக்கத்தை ஒப்பிடலாம், இடையில் ஒரு வருடம் விடுபட்டிருந்தால் அதுவும் கண்ணில் படும். சோதனையேட்டை, சோதனையேட்டில் என்று வேற்றுமை உருபும் தடங்கலில்லாமல் ஏறுகிறது. கணினியில் இருப்பதை ஏடு என்பதா என்று கேட்டிருந்தீர்கள். பதிவேடு கணினிக்குப் போன பிறகும் அது பதிவேடுதானே. ‘ஆய்வேடு’ வேண்டாம், அது முனைவர் பட்டத்துக்குக் கொடுப்பது என்று ஊன்றிவிட்டது. ‘சர்வீஸ் வரலாறு’ வேறு சங்கதி, அது ஒர்க்‌ஷாப் பில்களின் கட்டு; இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் வாங்குபவருக்குத்தான் நட்டம்.

‘வண்டி ஜாதகம்’ என்று ஒரு நண்பர் எழுதியது எனக்கு உள்ளபடியே பிடித்தது, நாம் பேசும்போது அப்படித்தான் சொல்கிறோம். பேச்சில் இருக்கட்டும். அகராதியில் ஏற்றினால் வண்டியைப் பற்றிய எல்லாமே அதில் இருப்பதாகத் தோன்றும். எம்.ஓ.டி.யில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பதே இல்லை.

இன்னொன்று, சொல் எம்.ஓ.டி.யோடு கட்டுப்பட்டு நிற்கக் கூடாது. இதே மாஸ்டா ஜப்பானிலிருந்து ‘யூனோஸ்’ என்ற பெயரில் நிறைய இறக்குமதியாகியிருக்கிறது. அங்கே ஷாக்கென் சோதனை, புது காருக்கு மூன்றாம் வருடம், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்தப் பக்கங்கள் பிரிட்டிஷ் ஏட்டில் இருக்காது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே ஓடியது கிலோமீட்டரில் என்பதால் மீட்டரை மைலுக்கு மாற்றியிருந்தால் எண் திடீரென்று குறையும், அதை மோசடி என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. அதேபோல 2018 மே 20 முதல், பெரிதாக மாற்றியமைக்காத 40 வருடம் கடந்த வண்டிகளுக்கு எம்.ஓ.டி. கட்டாயமில்லை. எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் உற்பத்தி 1980இல் நின்றுவிட்டதால், பெரிதாக மாற்றியமைக்காத எல்லா எம்.ஜி.பி.யும் இன்று அந்தக் கணக்கில் வந்துவிடும். ‘சான்று இல்லை’ என்றால் ஏதோ குற்றம் மாதிரி இருக்கிறது; ‘ஏடு 2018ஓடு நிற்கிறது’ என்றால் உள்ளது உள்ளபடி.

அடுத்து ‘அட்வைசரி’. தேறவிடாமல் தடுக்கும் அளவுக்குப் போகவில்லை, ஆனால் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதுகிற குறிப்பு. டயர் தேய்மானம் எல்லைக்குப் பக்கத்தில், பிரேக் குழாயில் மேல்துரு, இப்படி. ‘அறிவுரை’ எனக்கு ஒட்டவில்லை, அறிவுரை மனிதருக்குச் சொல்வது. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “இந்த வண்டிக்கு நாலு அறிவுரை இருக்கு.” காதில் இடறுகிறது. ‘முன்குறிப்பு’ ஏற்கெனவே நூலின் முகப்புக்குப் போய்விட்டது. ‘வருமுன் குறிப்பு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். வருமுன் காப்பது என்று நாம் தினமும் சொல்வதுதான், பொருள் விளக்கவே தேவையில்லை. “ஏட்டில் நாலு வருமுன் குறிப்பு இருக்கு, ரெண்டு சில்லைப் பத்தினது.” ஒரு மெக்கானிக்கிடம் கூசாமல் சொல்லலாம்.

எனக்குச் சொல் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருந்தும் இடத்தைச் சுற்றி 30 செ.மீ.க்குள் தகடு பலமிழக்கும் அளவுக்குத் துரு அரித்திருந்தால் வண்டி தேறாது. அந்த வட்டத்துக்கு ‘பிரிஸ்க்ரைப்டு ஏரியா’ என்று பெயர். ‘வரையறுத்த பகுதி’ என்று மொழிபெயர்த்தால் எதை எதற்காக வரையறுத்தார்கள் என்பதே வெளிவரவில்லை. ‘தாங்குபரப்பு’ என்று ஒன்று மனதில் ஓடுகிறது, ஆனால் பாரம் தாங்குவது அந்தப் பரப்பா, பொருத்துமிடமா என்று குழப்பம் வருகிறது. பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இந்தக் குழுவில் இரண்டு பேராவது இருக்கிறீர்கள், என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.