ஐப்பசி மழைக்கு முன் பெண்களுக்கான நிவாரண நிதி: யாரிடம், எப்படிக் கொடுப்பது?

திருத்துறைப்பூண்டிக்காரன்:
வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை பக்கத்து ஆட்கள் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் திரட்டுகிறோம். புயல், வெள்ளம் என்று வந்தால் பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் மட்டும் செலவழிக்க வேண்டும் என்று முடிவு. தொண்டு நிறுவனம் ஒன்றிடம் இப்போதே கொடுக்கலாமா? புயல் வந்தபின் நாப்கின், சேலை என்று நாங்களே வாங்கிக்கொண்டு போகலாமா? பணம் போடுகிறவர்களில் சிலர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்கள்.

வரவுசெலவு:
முதலில் அந்த சிங்கப்பூர்ப் பணத்தைத் தனியாக வையுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். அதை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இதற்கென உள்ள கணக்கில்தான். எல்லோர் பணத்தையும் உள்ளூரில் ஒருத்தர் கணக்கில் போட்டு மொத்தமாகக் கொடுத்தால் வாங்கும் நிறுவனத்துக்குத்தான் தலைவலி. பெரிய நிறுவனம் வாங்கி ஊரில் உள்ள சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை.

இங்குள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வருமான வரிக்கழிவு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

கோடியக்கரை:
இப்போதே கொடுங்க தம்பி. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, மரம் விழுந்து பாதை இல்லை. புயலுக்குப் பிறகு கிளம்புகிற வண்டி தார்ச்சாலை ஓரத்து ஊர்களோடு நின்றுவிடும். சேலை வேண்டவே வேண்டாம். சுனாமி சமயத்தில் நாகப்பட்டினத்தில் பழைய துணி ரோட்டோரம் குவிந்து கிடந்ததை ஊரே பார்த்தது.

நாப்கின் மட்டும் கொடுத்தால் பாதி வீண். உள்ளாடை நனைந்து போயிருக்கும், நாப்கினை எதில் வைப்பது? ஒரு ஆளுக்கு 16 நாப்கின், இரண்டு அளவில் கிடைக்கிற பருத்தி உள்ளாடை இரண்டு, சோப்பு, துண்டு, டார்ச், மூடி போட்ட வாளி ஒன்று. துணி நாப்கின் நல்லதுதான், ஆனால் வெள்ளத்தில் அலசத் தண்ணீர் ஏது, காயவைக்க வெயில் ஏது? புரட்டாசிக்குள் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மொத்தமாக வாங்கி, பாலிதீனில் கட்டி, தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறிய நாப்கின் உப்பிப் போய்விடும், அதைக் கொடுக்கக் கூடாது.

பயன்படுத்தியதைப் புதைக்கலாம் என்பார்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் ரெண்டு அடி தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். மூடி உள்ள டிரம் வைத்து, நீர் வடிந்தபின் அப்புறப்படுத்துவதுதான் சரி.

முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடம். 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது கணக்கு. எண்ணிக்கையை விட முக்கியம் உள்தாழ்ப்பாளும் வெளிச்சமும். இருட்டில் போக பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், பிறகு நீர்க்கடுப்பு. ஒரு தாழ்ப்பாள் 100, 150 ரூபாய்க்குள் முடியும் வேலை, ஆனால் எந்த நன்கொடைப் பட்டியலிலும் அது இருக்காது.

திருத்துறைப்பூண்டிக்காரன்:
நன்றி அண்ணே. கொடுக்கிற பணம் முழுக்க மக்களுக்கே போக வேண்டும், சம்பளத்துக்குப் போகக் கூடாது என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள்.

மகளிர்குழு_ஊக்குநர்:
அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்க. அடி வாங்கின பெண்ணை ஸ்கூட்டியில் ஏற்றி மாவட்டத் தலைநகரில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசு மையம்) கூட்டிப் போகிறவருக்குச் சம்பளமும் பெட்ரோலும்தான் அந்த உதவியே. 181 (பெண்கள் உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) என்று நோட்டீஸ் ஒட்டினால் போதாது, கரண்ட் போனால் போனும் போச்சு. முகாமுக்கு ஒரு சோலார் சார்ஜர் கேளுங்க, பெண்கள் பக்கம் இருக்கட்டும்.

நிறுவனத்திடம் நான்கைந்து கேள்வி போதும். அந்த ஊராட்சியில் வருஷம் பூரா ஆள் இருக்கிறதா? கர்ப்பிணிகள் பட்டியல் கிராம செவிலியரிடம் வாங்கி, தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு நகர்த்துகிறார்களா? புருஷன் இல்லாத வீடு, பட்டாவில் பெயர் இல்லாத குத்தகை வீடு எவை என்று கணக்கு இருக்கிறதா? சர்க்கார் நிவாரணம் முதலில் தவறுவது அங்கேதான். தணிக்கை அறிக்கையைத் தயங்காமல் காட்டுகிறார்களா?

பணமாகக் கொடுப்பதென்றால் பெண்ணின் பெயரிலுள்ள கணக்கில், ஆனால் கடன் தவணை பிடிக்கிற கணக்காக இருக்கக் கூடாது. விழுந்த அன்றே தவணைக்குப் போய்விடும். முதலில் பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லுங்க.

மூன்றில் ஒரு பங்கைத் தை மாதம் வரை கையில் வையுங்கள். சம்பா மூழ்கினால் அதன் அடி பெண் பிள்ளை மேல் விழுவது அப்போதுதான்: படிப்பை நிறுத்துவது, 18 ஆகும் முன் கல்யாணப் பேச்சு. தேர்வுக் கட்டணம், நனைந்த சான்றிதழுக்கு நகல் எடுக்கும் செலவு, சைக்கிள் ரிப்பேர் எல்லாம் அந்த ஒரு லட்சத்தில் அடங்கும். அரசுப் பள்ளியில் படித்தவர் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதையும் பெற்றோரிடம் அப்போதே சொல்லச் சொல்லுங்க. கல்யாணப் பேச்சை அது தள்ளிப்போட உதவும்.