அலுமினியம் கலந்த சிங்க் ஆக்சைடு படலம்: அம்மோனியா சோதனையில் மின்தடை நிலைக்கவில்லை

கேள்வி: அம்மோனியா வாயுவை மின்தடை மாற்றத்தால் உணரும் படலம் செய்கிறேன். 0.1 மோலார் சிங்க் அசிட்டேட், 2 அணு சதவீதம் அலுமினியம் குளோரைடு. 400 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாதாரணக் கண்ணாடியில் ஸ்பிரே பைரோலிசிஸ் (கரைசலைச் சூடான தகட்டில் தெளித்துப் படலமாக்குவது). கரைசல் கலங்குகிறது. 250 டிகிரியில் அளந்தால் அடிப்படை மின்தடை (வாயு விடும் முன் உள்ளது) நகர்ந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: கலங்கல் சிங்க் ஹைட்ராக்சைடு. சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடுங்கள், தெளிந்துவிடும். தெளிப்பதையும் விட்டுவிட்டுச் செய்யுங்கள். தொடர்ந்து அடித்தால் கண்ணாடி குளிர்ந்து அசிட்டேட் முழுதும் சிதையாது.

பதில் 2: நகர்வுக்கு முதல் சந்தேகம், பதப்படுத்தாத படலம். காற்றில் 400 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டு, பிறகு 250 டிகிரியிலேயே ஓர் இரவு விடுங்கள். பரப்பில் ஒட்டும் ஆக்சிஜன் சமநிலைக்கு வந்தபின்தான் வாயுவைத் திறக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியிலிருந்து சோடியமும் படலத்துக்குள் ஊடுருவும். குவார்ட்ஸ் அல்லது அலுமினா தகடு நல்லது.

அலுமினியத்தைக் கூட்டினால் உணர்திறன் கூடும் என்று எண்ண வேண்டாம். எலக்ட்ரான் அடர்த்தி ஏறினால் துகள் ஓரத்து வறட்சி அடுக்கு (எலக்ட்ரான் குறைந்த பகுதி, depletion layer) மெலியும், வாயுவால் வரும் மாற்றமும் சுருங்கும். 0.5, 1, 2, 3 சதவீதம் என வரிசையாகச் செய்து ஒப்பிடுங்கள்.

கேட்டவர்: மின்முனை வெள்ளிப் பசைதான். அதுவும் காரணமாகுமா?

பதில் 2: ஆகலாம். 250 டிகிரியில் மின்னோட்ட–மின்னழுத்தக் கோடு நேராக இல்லையென்றால் மின்முனைத் தொடர்பு சரியில்லை என்று சந்தேகித்துத் தங்க மின்முனைக்கு மாறுங்கள். உலர் காற்றையே பயன்படுத்துங்கள். ஈரப்பதமும் மின்தடையை இறக்கும்.