ஆண்கள் பள்ளியில் மாணவியரைச் சேர்ப்பது குறித்து

கேள்வி:
இராயபுரத்தில் என் மகன் படிக்கும் கிறித்தவ ஆண்கள் பள்ளி, வரும் கல்வியாண்டில் ஆறாம் வகுப்பிலிருந்து மாணவியரையும் சேர்க்கப்போவதாகச் சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. பெற்றோரைக் கேளாமல் முடிவெடுக்க நிர்வாகத்திற்கு உரிமை உண்டா?

பதில் 1:
அரசியலமைப்பின் 30(1)ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. ஆயினும் அது கட்டற்ற உரிமையன்று என்பதால், கல்வித் துறையின் அனுமதி ஆணை வந்துவிட்டதா என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கேளுங்கள்.

பதில் 2:
ஐயா, முதலில் கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள். தண்டையார்பேட்டையில் இவ்வாறு மாறிய ஒரு பள்ளியில், என் மகளும் தோழியரும் முதலாண்டு முழுவதும், தாழ்ப்பாளில்லாத ஒரே அறைக்கு மாறி மாறிக் காவல் நின்றார்கள்.

கேட்டவர்:
நன்றி அம்மா. சுற்றறிக்கையை மீண்டும் படித்தேன். புதிய சீருடையின் நிறம் இருக்கிறது, கழிப்பறை பற்றி ஒரு வரியும் இல்லை.