சளிக்கு வேது (ஆவி) பிடித்தபோது நடந்தது: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

புளியரைக்காரி:
சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வேதுத் தண்ணீர் கொதிக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டு ஆச்சி, நொச்சித் தழை போட்டுக் கொதித்த அலுமினியச் சட்டியைத் தரையில் வைத்து, நான்கு வயதுப் பேரனைப் போர்வைக்குள் உட்காரவைத்தார். மூச்சு முட்டிய பிள்ளை காலை உதைத்தான், சட்டி சரிந்தது. போர்வையை நான் இழுத்தெறிந்தபோது அவன் தொடையில் ஒரு நொச்சியிலை ஒட்டியிருந்தது. அதை எடுக்க ஆச்சியின் கை நீண்டது. இலையோடு தோலும் வந்துவிடும் என்று அஞ்சி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அது நடுங்கிய நடுக்கத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஊற்றிய பிறகே ஆட்டோ ஏற்றினோம். ஆவி சளிக் கிருமியைக் கொல்லும் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். வைரஸ் மூக்கின் உட்செல்களுக்குள் பெருகுகிறது, தோல் தாங்கும் சூட்டில் அது அழிவதில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
சகோதரியின் வேதனை புரிகிறது, ஆனாலும் சூட்டையே குற்றவாளியாக்குவதை நான் ஏற்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மார்கழியில் என் தந்தையார் சுக்குக் காப்பியின் முதல் மடக்கு இறங்கியதுமே "மூக்கு திறந்துவிட்டது" என்பார். குரலோ மூக்கடைத்தவர் குரலாகவே இருக்கும். கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் சளி பிடித்த 30 பேரை ஆராய்ந்தபோதும் இதையே கண்டார்கள்: சூடான பழபானம் இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர் ஆகியவற்றைத் தணித்தது, மூக்கின் காற்றோட்டத்தை அளந்தால் மாற்றமில்லை. நோய் போகாவிட்டாலும் அவதி குறைவது பொய்யன்று.

களியக்காவிளை செவிலி:
பெரியவர்களுக்கு அது சரி, கைக்குழந்தைக்குச் சரியாகாது. ஐந்து மாதப் பிள்ளையின் வாயில் தேனில் குழைத்த உரைமருந்தை வைக்கப்போன என் அத்தையின் விரலை நான் தட்டிவிட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தேனில் பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயதுக்குள் குடல் அவற்றை அடக்கும் நிலைக்கு வந்திராததால் அவை அங்கே முளைத்து நஞ்சைச் சுரக்கும், உடல் துவண்டுவிடும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரவு இருமலுக்குப் படுக்கும் முன் தேன் கொடுப்பது நல்லது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. மஞ்சள் பாலில் மிளகு சேர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது: பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு உயர்ந்தது. ஆனால் அவர்கள் அளந்தது இரத்தத்தில் சேரும் அளவைத்தான், சளி குணமாவதை அன்று. எதைக் கொடுத்தாலும் மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, அதை எட்டினாலோ விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

குமுளி வாசி:
இங்குள்ள ஒரு கடையில், நீலகிரித் தைலத்தைச் சர்க்கரையில் சொட்டுவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும்படி ஒரு தாய்க்குச் சொன்னார்கள். அதை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும் என்று நான் குறுக்கிட்டேன். அவர் பதில் சொல்லாமல் குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். "உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது" என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டக் கோரிக் கடைக்காரர்களுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்திட விரும்புவோர் கீழே தெரிவியுங்கள்.